பொன்னாற்றில் மறைந்த பொரெஸ்ரர் பிரபு

பீப்பாய் என்னும் சொல்லை நாம் நாடோறும் வழங்குகின்றோம். எண்ணெயும் தாரும் நீரும் அடைத்துவைக்கும் பெருங்கலத்துக்கு அது பெயராய் நிற்கின்றது. போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று என்பதை மாணாக்கர் அறிவர். கோப்பை, அலமாரி, சாவி என்பனவும் அவ்வழி வந்தனவே. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அம்மக்களின் தாயகத்திலே, பீப்பா என்பது முந்திரிகைப் பழத்தின் தேறலை நிறைக்கும் மரத்தாழியின் பெயர். இன்றும் போர்த்துக்கல் நாட்டின் வடபாலுள்ள டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலே விளைவைப் பீப்பாக் கணக்கினாலேயே அளக்கின்றனர். ஒரு பீப்பா 550 லீற்றர் கொள்ளும்.

அவ்வாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த நகரம் போர்த்தோ. அந்நகரின் பெயரால் உலகெங்கும் வழங்குவது போர்ட் வைன். அவ்வைனை விற்று வாழ்ந்த வணிகர் பல்லாயிரவர். அதனை விற்று வாழ்ந்தும், அதனுட் புகுந்த கலப்படத்தை ஊரறிய எடுத்துரைத்தவருள் தலையாயவர் யோசேப் ஜேம்ஸ் பொரெஸ்ரர். அவர் சரிதத்தைச் சுருக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் ஓரதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியன் மது வணிகர் ஒருவரின் வரலாற்றை எழுதுதல் தகுமோ என ஐயுறுவார் உளராகலாம். தகும் என்பதே எம் கருத்து. யவனர் தம் கலங்களிற் கொணர்ந்த நறுந்தேறலைப் புறநானூற்றிலே குறித்தவர் நக்கீரர். 1945 ஆம் ஆண்டு புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வைன் வந்த சாடிகளின் உடைவுகள் வெளிப்பட்டன. மண்ணிற் புதைத்து முதிரவைத்த மதுவையும் சங்கச் சான்றோர் அறிந்திருந்தனர். தேறல் என்னும் சொல்லே தெளிந்தது என்னும் பொருளுடையது. பொருளை அறிதல் வேறு, அதனைப் பருகுதல் வேறு. பொரெஸ்ரர் நடத்திய போரோ வாய்மைக்காக நடந்தது. வாய்மை எத்தொழிலில் விளங்கினும் கற்கத் தக்கதேயாம்.

கல்லிற் படர்ந்த கொடி

மருதனார்மடத்தைச் சூழ்ந்த வலிகாமத்துச் செம்மண் நிலத்திலே, கிணற்று நீர் பாய்ச்சிப் பந்தரிலே முந்திரிகைக் கொடியைப் படரவிடும் முறையை நாம் அறிவோம். டூரோப் பள்ளத்தாக்கின் முறை இதற்கு முற்றும் மாறானது. அங்கே மண் என்று சொல்லத்தக்க மண் இல்லை. செங்குத்தான மலைச்சரிவின் படைப்பாறையை உடைத்து, கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, படிக்கட்டுப் போன்ற பாத்திகளை உழவர் அமைத்தனர். வேனிலில் வெயில் தீயெனக் காயும். கொடியின் வேர் பாறைப் பிளவினூடே மிக ஆழத்துக்கு இறங்கி நீரைத் தேடும். நீர் அருகிய அந்நிலத்திலே காய் சிறுத்துச் சாறு செறியும். தலைமுறை தலைமுறையாய் மக்கள் கையால் அமைத்த அந்நிலத்தோற்றத்தை 2001 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுடைமையாக ஏற்றது.

1703 ஆம் ஆண்டு இங்கிலாந்தும் போர்த்துக்கலும் மெதுவன் உடன்படிக்கை செய்தன. அதன்படி பிரெஞ்சு வைனுக்கு விதித்த வரியினும் மூன்றிலொரு பங்கு குறைவான வரியே போர்த்துக்கேய வைனுக்கு விதிக்கப்பட்டது. வணிகம் பெருகிற்று. அதனோடு வஞ்சனையும் பெருகிற்று. நிறங்குன்றிய வைனுக்குக் கருமை ஏற்ற எல்டர் என்னும் செடியின் பழச்சாற்றைக் கலந்தனர். 1756 இல் போர்த்துக்கல்லின் முதலமைச்சர் பொம்பால் பிரபு ஒரு கம்பனியை நிறுவி, வைன் விளையும் நிலத்துக்கு எல்லை வகுத்தார். அவ்வெல்லையுள் எல்டர்ச் செடிகளை வேரோடு களையுமாறும் ஆணை பிறந்தது. கம்பனியின் சுவைஞர் ஆண்டுதோறும் வைனைச் சுவைத்து, ஏற்றுமதிக்கு உரியது இது, உரியதன்று இது எனத் தீர்ப்புக் கூறினர். உழவனின் ஓராண்டு உழைப்பு அச்சுவைஞர் நாவின் நுனியிலே தங்கிற்று.

போர்ட் வைனின் தனி இயல்பையும் ஈண்டுக் கூறல் வேண்டும். பழத்தைக் கருங்கற்றொட்டியிலிட்டுக் காலால் மிதிப்பர். சாறு நொதிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில், பழத்தின் சர்க்கரை முழுதும் மதுவாக மாறுமுன்னே, பழச்சாராயத்தை வார்ப்பர். ஏறக்குறைய 435 லீற்றர் சாற்றுக்கு 115 லீற்றர் சாராயம் என்பது பழைய கணக்கு. வார்த்ததும் நொதித்தல் நின்றுவிடும். சர்க்கரை எஞ்சும். ஆதலின் போர்ட் வைன் இனிப்பும் வன்மையும் ஒருங்குடையது. சாராயம் வார்க்கும் இவ்வழக்கம் பொரெஸ்ரர் காலத்திலே முற்றாக நிலைபெறவில்லை. அதுவே அவர்தம் வாழ்க்கைப் போருக்குக் காரணமாயிற்று.

சுவைக்கும் அவை

பொரெஸ்ரர் 1809 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹல் நகரிற் பிறந்தார். 1831 இல், தம் இருபத்திரண்டாம் வயதில், போர்த்தோவில் வைன் வணிகஞ் செய்த சிறிய தந்தையாரின் நிறுவனத்திற் சேர்ந்தார். மறு ஆண்டே அந்நகரம் உள்நாட்டுப் போரில் அகப்பட்டது. அரியணைக்காகப் பேத்ரோ, மிகேல் என்னும் உடன்பிறந்தார் இருவர் பொருத அப்போரிலே, போர்த்தோ ஓராண்டுக்கு மேல் முற்றுகையுண்டது. 1833 இல் ஆற்றின் தென்கரையிலிருந்த கம்பனியின் பண்டகசாலைகள் தீக்கிரையாயின. எரிந்த வைன் ஆற்றிலே பெருகியோடிற்று.

அவர் கண்ணும் கையும் கூர்மையானவை. போர்த்தோவின் ஆங்கிலேய வணிகர் கூடும் தெருவை நீர்வண்ணத்தாற் றீட்டி, அங்கு நின்ற வணிகரை இன்னார் இன்னார் என அறியுமாறு அமைத்தார். நிழற்படக் கலை தோன்றிய காலத்திலேயே அதனைப் பயின்றார். போர்த்துக்கேய மொழியை நன்கு கற்றார். ஏனை வணிகர் பலர் நகரத்து மாளிகையிலிருந்தபடியே விலை பேசினர். பொரெஸ்ரரோ படகேறி ஆற்றின் மேல் சென்று, உழவர் இல்லங்களிலே தங்கி, கொடியையும் கல்லையும் தொட்டறிந்தார்.

அத்தெருவிலே ஆங்கிலேய வணிகரின் மன்றம் ஒன்று உண்டு. 1785 முதல் 1790 வரை கட்டப்பட்ட அக்கருங்கல் மாளிகை இன்றும் நிலைத்து நிற்கின்றது. புதன்கிழமை தோறும் அங்கே வணிகர் கூடி உண்பதும், உண்டபின் பழைய போர்ட் வைனைச் சுவைப்பதும் மரபு. அம்மாளிகையின் அமைப்பு வியக்கத் தக்கது. ஒத்த அளவினவாய் இரு போசனசாலைகள் அடுத்தடுத்து உள்ளன. முதற் சாலையில் உணவு முடிந்ததும் அனைவரும் எழுந்து அடுத்த சாலைக்குச் சென்று அமர்வர். சோற்றின் மணமும் கறியின் மணமும் வைனின் மணத்தோடு கலத்தலாகாது என்பதே காரணம். பின்னர் வந்த வைன் எவ்வாண்டின் விளைவு, எந்நிறுவனத்தின் ஆக்கம் என்று ஒவ்வொருவரும் உய்த்துணர்ந்து கூறுவர்.

விண்டேஜ் போர்ட் எனச் சிறப்பிக்கப்படுவது, நல்விளைவுள்ள ஓராண்டின் பழத்தால் மட்டும் ஆகியது. பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று முறையே அத்தகைய ஆண்டு வாய்க்கும். இரண்டு அல்லது மூன்று ஆண்டு தாழியிலே கிடந்தபின் அதனைப் போத்தலில் அடைப்பர். பிறகு போத்தலினுள்ளே பல பத்தாண்டுகள் முதிரும். முதிருந்தோறும் அடியில் மண்டி படியும். ஆகையால் பலர் கூடிச் சுவைக்கும் அவையை ஒழுங்கு செய்வோன் முன்னரே தொடங்க வேண்டியவன். ஒருநாளேனும் முன்னதாகப் போத்தலை நிமிர்த்தி நிறுத்தி, மண்டி அடியில் தங்கவிடுவான். ஒளிக்கு எதிரே பிடித்து மெல்லச் சரித்து, மண்டி எழுமுன் நிறுத்தித் தெளிவை வேறு கலத்துக்கு மாற்றுவான். தேறல் என்னும் நம் சொல்லுக்கு இச்செயலே உரையாகும். ஒரு நிறுவனத்தின் பல ஆண்டு விளைவுகளை நிரலே வைப்பது ஒரு முறை. ஓராண்டிற் பல நிறுவனங்கள் ஆக்கியவற்றை ஒப்பிடுவது மற்றொரு முறை. நிறத்தைக் காண வெள்ளைத் துணி விரிப்பர். கலத்தில் மூன்றிலொரு பங்கே வார்ப்பர். முதலில் நிறம், அடுத்து மணம், பின்னரே சுவை. பல வகையை ஒருங்கு ஆராய்வோர் விழுங்காது உமிழ்ந்துவிடுவர். அறிவு மயங்கின் ஆராய்ச்சி இல்லை.

இவையாவற்றினும் தலையாய விதி ஒன்றுண்டு. போத்தலின் பெயரை மறைத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தனித்தனியே எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய்திறத்தலாகாது. மூத்தவர் ஒருவர் நன்று என்று தலையசைத்துவிட்டால், இளையோர் நாவு தன் சுவையை மறந்து அவர் நாவையே நம்பிவிடும். பெயர் கண்ட கண், சுவை காணாத நாவை ஏமாற்றும். பலர் கூடிய அவையின் மதிப்பு, அதிலுள்ள ஒவ்வொருவரின் தனி நேர்மையைப் பொறுத்தது.

ஒரு சிறு நூல்

இவ்விதி முறிந்த இடத்தைப் பொரெஸ்ரர் கண்டார். 1820 ஆம் ஆண்டு டூரோவில் அரிதினும் அரிதான விளைவு வாய்த்தது. இயற்கையாகவே கருமையும் இனிமையும் வன்மையும் உடையதாய் அவ்வாண்டு வைன் அமைந்தது. இங்கிலாந்தில் அதனைப் பருகியோர் ஆண்டுதோறும் அதுவே வேண்டும் என்றனர். இயற்கை ஆண்டுதோறும் ஒன்றுபோல் தருவதில்லை. இயற்கை தராததைச் செயற்கையால் தர வணிகர் துணிந்தனர். எல்டர்ச் சாறு கருமை தந்தது. சர்க்கரைப் பாகு இனிமை தந்தது. மிகுதியாக வார்த்த சாராயம் வன்மை தந்தது.

சுவைஞர் இதனைத் தடுத்திருத்தல் வேண்டும். கம்பனி 1834 இல் தன் தனியுரிமையை இழந்து, சில ஆண்டுகளில் மேற்பார்வை உரிமையை மீளப் பெற்றிருந்தது. அதன் சுவைஞர் கரியதாய் வலியதாய் இனியதாய் உள்ளதையே முதற்றரம் எனத் தேர்ந்தனர். இயல்பான மென்சுவையுடைய தூய வைனைப் பின்னே தள்ளினர். கலப்படஞ் செய்யாத உழவன் தோற்றான். செய்தவன் வென்றான். பலர் சேர்ந்து ஒரு பொய்யைச் சுவைத்துச் சுவைத்து, அதுவே மெய்ச்சுவை என்று நம்பத் தலைப்பட்டனர்.

1844 ஆம் ஆண்டு, போர்ட் வைனைப் பற்றி ஓரிரு சொற்கள் என்னும் பொருள்பட ஒரு சிறு நூல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் அதில் இல்லை. எழுதியவர் பொரெஸ்ரரே என்பது விரைவில் வெளிப்பட்டது. எல்டர்ச் சாறும் பாகும் கலப்பதை அவர் ஒளிவின்றி எடுத்துக்காட்டினார். நல்ல பழத்தின் சாற்றை முழுதும் நொதிக்கவிட்டால் சாராயம் வேண்டுவதில்லை என்றும், சாராயம் வார்ப்பதே ஏனைக் குற்றங்களுக்கு வாயில் என்றும் வாதித்தார். சுவைஞர் முறையே பிழையென்று சாடினார்.

வணிகருலகம் கொதித்தெழுந்தது. நாடோறும் ஒரே தெருவில் நின்று பேசிய தோழர் பகைவராயினர். தம் நிறுவனமும் அவ்வணிகத்திலேயே வாழ்வதென்பதை அவர் அறியாதவரல்லர். மறுப்புக்கள் அச்சேறின. அவர் மறுப்புக்கு மறுப்பு எழுதினார். நகரம் அவரைத் தள்ளியபோது, மலைமேலிருந்த உழவர் பலர் அவரைத் தம்மவராக ஏற்றனர். தூய வைனுக்கு உரிய விலை கிடைக்க வேண்டுமென்று ஒரு வணிகரே வாதிடுதல் அவர்களுக்குப் புதுமையாயிருந்தது.

நடுநின்று நோக்குமிடத்து, அப்போரில் இரு வழக்குகள் பிணைந்திருந்தமை புலனாகும். கலப்படம் கூடாது என்பது ஒன்று. அதில் அவர் கூறியதே நீதி. சாராயம் வார்த்தலும் கூடாது என்பது மற்றொன்று. அவ்வழக்கில் உலகம் அவர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாளடைவில் சாராயம் வார்த்த வைனே போர்ட் வைன் என்பது நிலைபெற்றது. இன்று சுவைஞர் போற்றும் பழைய விண்டேஜ் யாவும் அவர் விலக்கச் சொன்ன முறையால் ஆகியவையே. வாய்மைக்குப் போராடுவோர் கூறும் ஒவ்வொன்றும் நிலைத்தல் வேண்டும் என்பதில்லை. அவர் ஒளிக்காமற் கூறிய அத்துணிவே பின்வருவோர்க்குப் பயன்படுவது.

ஆற்றை வரைந்தவர்

பழிச்சொல்லுக்கு இடையே பொரெஸ்ரர் சோர்ந்திருந்தாரல்லர். டூரோ ஆற்றைச் சிபானிய எல்லையிலிருந்து கடல்வரை அளந்து ஒரு பெரும்படம் வரைந்தார். சுழியும் பாறையும் கரையிலுள்ள ஊர்களும் அதிற் குறிக்கப்பட்டன. 1848 இல் வெளிவந்த அப்படத்தைப் போர்த்துக்கல் அரசாங்கம் நாட்டுக்குரிய பணியாக ஏற்றது. 1852 இல் பிரித்தானிய பாராளுமன்றத்தின் வைன் வரி விசாரணைக் குழுமுன் சாட்சி கூறினார். போர்த்துக்கல் நாட்டின் பொருள்நிலையைப் பற்றி அவர் எழுதிய பரிசுக் கட்டுரை 1853 இல் நூலாயிற்று. அக்காலத்திலேயே ஓயிடியம் என்னும் பூஞ்சண நோய் முந்திரிகைக் கொடிகளை வெண்பொடி போர்த்தாற்போல மூடி அழித்தது. அதனையும் அவர் நுணுகி ஆராய்ந்து, படம் வரைந்து விளக்கினார். 1855 இல் போர்த்துக்கல் அரசு அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கியது. பிறநாட்டவராயினும் அந்நாட்டவர் அவரை இன்றும் பொரெஸ்ரர் பிரபு என்றே வழங்குகின்றனர்.

1861 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் நாள். மேல் டூரோவிலிருந்து பொரெஸ்ரர் படகில் இறங்கி வந்துகொண்டிருந்தார். உடன்வந்தோருள் அந்தோனியா பெரெயிரா அம்மையாரும் ஒருவர். கைம்பெண்ணாயிருந்தும் டூரோவின் தோட்டங்கள் பலவற்றைத் தம் ஆற்றலால் ஆண்டு, உழவர்க்குத் தாயெனப் போற்றப்பட்ட பெருமாட்டி அவர். வலெயிரா என்னுமிடத்தில் ஆறு பாறைகளுக்கிடையே ஒடுங்கிச் சீறிப் பாயும். அவ்விடத்துப் பெரும்பாறையை உடைத்துப் படகு செல்ல வழிசெய்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே. வழி உண்டாயினும் அச்சம் நீங்கவில்லை. அன்று படகு கவிழ்ந்தது.

பெண்டிர் அணிந்திருந்த வளையமிட்ட அகன்ற பாவாடை காற்றை அடக்கி மிதந்து அவர்களைக் காத்தது என்பர். பொரெஸ்ரர் உழவர்க்குக் கொடுக்கவென்று பொற்காசு நிறைத்த அரைக்கச்சை அணிந்திருந்தார் என்றும், அதன் பாரமே அவரை ஆழ்த்திற்று என்றும் அந்நாட்டிற் கூறுவர். அவர் உடல் கிடைக்கவேயில்லை. ஆற்றின் ஒவ்வொரு சுழியையும் அளந்து எழுதியவரை அவ்வாற்றின் ஒரு சுழியே கொண்டது. அப்போது அவர்க்கு அகவை ஐம்பத்தொன்று.

டூரோ என்பதற்குப் பொன்னாறு எனப் பொருள் கூறுவாரும் உளர். நம் திருவிளையாடற் கதை ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பு. சங்கப் புலவர் அவையிலே, எதிர்நின்றவர் இறைவனே என்று அறிந்தும் பாடலின் குற்றத்தைக் குற்றமென்றே கூறி, நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தார் என்பது அக்கதை. பாடலைச் சுவைக்கும் அவைக்கும் தேறலைச் சுவைக்கும் அவைக்கும் பொருளால் வேற்றுமை பெரிது. ஆயினும் அவ்விரண்டிற்கும் உயிர்நாடி ஒன்றே. எல்லாரும் தலையசைக்கும்போது, தன் நாவு உணர்ந்ததை மாற்றாது சொல்லும் ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும்.

அவர்க்குப் பின்

கலப்படத்தைத் தடுக்கும் முறை நாளடைவில் வலுப்பெற்றது. 1933 இல் போர்த்தோவிலே போர்ட் வைனுக்கென ஓர் அரச நிறுவனம் தோன்றியது. இன்று அதன் வழிவந்த நிறுவனத்தின் சுவைஞர் குழு, ஆக்கியோன் பெயர் அறியாமலே வைனைச் சுவைத்துத் தரம் கூறுகின்றது. ஆய்வுகூடமும் உடன் ஆராய்கின்றது. அவ்விரு தேர்விலும் தேறாதது போர்ட் என்னும் பெயரைத் தாங்கி வெளிச்செல்ல இயலாது. பொரெஸ்ரர் எந்தச் சுவைஞர் முறையைக் குற்றங் கூறினாரோ, அம்முறை இவ்வாறு திருந்தியது.

அவர் தோற்ற வழக்கும் முற்றாக அவிந்துபோகவில்லை. சாராயம் வாராது முழுதும் நொதிக்கவிட்டு டூரோவில் உயர்ந்த வைன் ஆக்கலாம் என்பதைப் பார்க்கா வெல்யா என்னும் வைன் 1952 ஆம் ஆண்டின் விளைவினால் மெய்ப்பித்தது. அதனை ஆக்கியது பெரெயிரா அம்மையாரின் பெயர் தாங்கிய நிறுவனமே. வலெயிராவில் அவரோடு படகிற் சென்று உயிர்தப்பிய பெருமாட்டியின் இல்லம், தொண்ணூற்றோராண்டின் பின் அவர் கருத்துக்குச் சான்று பகர்ந்தது. இன்று டூரோவில் போர்ட் வைனோடு அத்தகைய இயல்பு வைனும் பெருக ஆக்கப்படுகின்றது.

வலெயிராவில் இப்போது அணை உண்டு. நீர் தேங்கி ஆழமும் அமைதியும் உடையதாய்க் கிடக்கின்றது. சீறிய சுழி அடியில் மறைந்துவிட்டது. மேலே படகுகள் அச்சமின்றிச் செல்கின்றன.

நம் மாணாக்கர் வைனைச் சுவைக்க வேண்டுவதில்லை. நூலைச் சுவைப்பவர் அவர்கள். நூலைச் சுவைக்கும் அவையிலும் பெயரை மறைத்துப் பொருளை நோக்குதல், மூத்தோர் முகத்தை நோக்காது தம் கருத்தை முதலில் எழுதிவைத்தல், பின்னரே பிறர் சொல்லைக் கேட்டுத் திருத்துதல் என்னும் இம்மூன்றும் வேண்டும். நூலுக்குப் பெயர் பெற்றவர் அணிந்துரை எழுதியிருத்தலும் பரிசு கிடைத்திருத்தலும் எல்டர்ச் சாறுபோல நிறமேற்றக் கூடியன. அந்நிறத்தை நீக்கித் தெளிவைக் காண்பவனே சுவைஞன். பொரெஸ்ரர் பிரபு தம் தொழிலிலே அத்தகைய சுவைஞராய் வாழ்ந்தார். அதற்காகத் தோழரை இழந்தார். உழவரின் நன்றியைப் பெற்றார். அவர் எழுதிய சிறு நூல் இன்றும் வைன் வரலாறு எழுதுவோரால் எடுத்து ஆராயப்படுகின்றது.